வலப்பக்கக் கொண்டை

நாற்பத்திரண்டு கொண்டை ஊசிகளையும் எண்ணி மேசையில் அடுக்கினாள் கொண்டையக்கா. அதில் ஒன்றாவது இன்றைக்குக் கொஞ்சம் ஆழமாக இறங்கும் என்பது நாடகக் குழு மொத்தத்தின் எதிர்பார்ப்பு.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் தையல்காரம்மா அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். "கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்கக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கொண்டையக்கா ஊசி முனைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஊரறிந்ததுதான். எட்டு மாதத்துக்கு முன் அவள் புருஷன் இரண்டு பெட்டியோடு கிளம்பி, இதே குழுவின் நாயகி வீட்டுக்குக் குடிபோனான். அன்றைக்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு, தட்டு நிறையச் சாப்பிட்டு, அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். பாவம், அதிர்ச்சியில் மரத்துப்போய்விட்டாள் என்றார்கள். மரத்துத்தான் போயிருந்தாள், அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இப்போது அந்த நாயகிதான் பழைய காவியம் ஒன்றின் பட்டத்தரசி. அவளுக்கு அந்தக் காலத்துக் கொண்டையை வடிவமைத்துத் தர வேண்டியது கொண்டையக்கா. விதிக்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

மூன்று மாதம் காவியத்தை உரையோடு உட்கார்ந்து படித்தாள். முடிசூடும் நாளில் அரசியின் கொண்டை வலக்காதின் மேல் சரிந்திருந்தது, இடப்பக்கம் படிய வாரிக் காது முழுக்கத் தெரிந்தது என்று புலவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். பொம்மைத் தலையில் ஒன்பது தடவை கட்டி அவிழ்த்து, பத்தாவது தடவைதான் அது அமைந்தது. சுவரொட்டியில் முதன்முதலாக அவள் பெயரும் வரப்போகிறது. இருபது வருஷத் தொழிலில் அவளுக்கென்று கிடைக்கப்போவது அது ஒன்றுதான்.

அதற்கும் வந்தது வில்லங்கம். கொண்டை இடப்பக்கம்தான் வேண்டும் என்று நாயகி ஒற்றைக்காலில் நின்றாள். இயக்குநரிடம் மூன்று தடவை சொல்லியனுப்பினாள். புருஷனைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று கொண்டையிலும் கை வைக்கிறாளா என்று தையல்காரம்மா கொதித்தாள். இயக்குநரோ, பதினோரு மணிக்குப் படம் எடுக்க ஆள் வருகிறார், காவியத்தில் எப்படியோ அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

நாயகி தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். தையல்காரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

"உக்காருங்க. வலப்பக்கம்தான்" என்றாள் கொண்டையக்கா.

நாயகி கண்ணாடியைப் பார்க்காமல் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "அக்கா, எடப்பக்கம் வச்சிடுங்களேன். கெஞ்சிக் கேக்கறேன்."

எதிராளி கெஞ்சினால் கொஞ்சமாவது இனிக்க வேண்டும். கொண்டையக்காவுக்கு இனிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. சால்வையை எடுத்தாள். சீப்பின் வாலால் வகிடு பிரித்து இடப்பக்க முடியைத் தூக்கினாள்.

காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. வேரோடு பிடுங்கிய இடத்தில் தோல் சிவந்து, புள்ளி புள்ளியாக ரத்தம் காய்ந்திருந்தது.

"கார் கதவுல மாட்டிக்கிச்சு" என்றாள் நாயகி, யாரும் கேட்காமலே.

எந்தக் கார், எப்போது என்றெல்லாம் கொண்டையக்கா கேட்கவில்லை. பஞ்சில் களிம்பு தொட்டுத் தடவினாள். பக்கத்து முடியைத் தளர்வாக முறுக்கி, காயத்தில் உரசாமல் மேலே கொண்டுவந்தாள். இப்படிப்பட்ட இடத்தை எப்படி மூடுவது, எங்கே ஊசி செருகினால் வலிக்காது என்று அவள் தேடவே இல்லை.

அரைமணி நேரத்தில் கொண்டை முழுசாக இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் இயக்குநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். காவியத்தில் வலப்பக்கம் என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். எடப்பக்கம்தான்."

மூன்று மாதம் படித்த லட்சணம் இதுதானா என்று அவர் முகத்தைச் சுளித்தார். சுவரொட்டியில் பெயர் போடுவதை இனி யோசிக்கத்தான் வேண்டும் என்றார். கொண்டையக்கா சரி என்று தலையாட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

நாயகியின் கண் கலங்கிவிட்டது. "உங்க வாழ்க்கையைக் கெடுத்தவ நான். எனக்காக ஏன்க்கா இப்படி? என்னை மன்னிச்சிடுங்க."

எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கொண்டையக்காவின் குரல் உடைந்தது.

"நீதாம்மா என்னை மன்னிக்கணும். அவனைப் பத்தி அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்."