பழைய மெமரியின் வேகம்

ஒரு பழைய கணினிக்குள் பதினோரு ஆண்டுகளாக ஒரு ரேம் மெமரி தனியாக உழைத்துவந்தது. கணினி திணறத் தொடங்கியதும், அடுத்த ஸ்லாட்டில் அதே அளவுள்ள, ஆனால் வேகம் கூடிய புது மெமரி ஒன்று வந்து உட்கார்ந்தது.

மறுநாளே புதியது முணுமுணுத்தது. "என் வேகம் 1600 என்று என் முதுகிலேயே எழுதியிருக்கிறது, பெரியவரே. உம்மோடு சேர்ந்த பாவத்துக்கு 1333-இல் ஊர்ந்துகொண்டிருக்கிறேன்."

"என் வேகம் அவ்வளவுதான், தம்பி. ஆனாலும் பாதிச் சுமையை நான்தானே தூக்குகிறேன்?"

"சுமையா? நீர்தான் ஐயா சுமை!"

பழையது தன்னைத் தாங்கியிருந்த மதர்போர்டை ஆதரவுக்குப் பார்த்தது. அது வாய் திறக்கவில்லை.

கணினியின் உரிமையாளரும் புதியதைப் போலவே நினைத்தார். அடுத்த நாள் பழையதைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டுக் கணினியை மீண்டும் இயக்கினார். திரையில் அதே 1333 தெரிந்தது. கணினி பழையபடியே திணறியது.

"எனக்கு இதற்குமேல் ஓடத் தெரியாது," என்று மதர்போர்டு தணிந்த குரலில் சொன்னது. "பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான்."

மேசையிலிருந்து பழைய மெமரி கேட்டது: "அண்ணே, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் என்னையல்லவா கழற்றியிருப்பார்கள்?"