ஆயிலியம் கழியும் வரை

பிரசவ அறைக் கட்டிலில் வெண்ணிலா முழங்கால்கள் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தாள். அவற்றின் மேல் அவளுடைய தாயார் தையல்நாயகியின் உள்ளங்கை அழுத்தமாக வீற்றிருந்தது. ஆயிலியம் விலகி மகம் பிறக்க இன்னும் சற்று நேரம் இருந்தது. ஆயிலியத்தில் பிறக்கும் பெண் மாமியாருக்கு ஆகாதவள் என்பது அவர்களுடைய ஊரின் தீர்ப்பு. வெண்ணிலாவும் அதே நட்சத்திரத்தாள். ஆகவே, தாயை இழந்த ஒருவனைத் தேடிப் பிடித்தே அவளை மணமுடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"கொஞ்சம் அடக்கிக்கடி. பொண்ணாப் பொறந்துட்டா, மாமியார் இல்லாத வீடாப் பார்த்து மறுபடியும் யாரு அலையறது?"

கையுறையை மாட்டிக்கொண்டிருந்த செவிலி திரும்பாமலேயே சொன்னாள்: "அது என்ன டவுன் பஸ்ஸாம்மா, கையக் காட்டி நிறுத்தறதுக்கு? நீ கால விரிச்சு வை கண்ணு."

எவருடைய சொல்லுக்கு இணங்குவது என்று அறியாமல் கால்கள் பாதி விலகி நின்றன. அடுத்த வலி இடுப்பிலிருந்து கிளம்பியபோது வெண்ணிலா தாயின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"என்னப் பெத்தப்ப நீ ஏம்மா அடக்கல?"

தையல்நாயகி சன்னலைப் பார்த்தாள்.

"அடக்கினேன்டி. பூசத்துலயே வரவேண்டியவ நீ. ராகுகாலம் போகட்டும்னு உங்க அப்பாயி, என் மாமியாருதான், சொன்னாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குள்ள பூசம் போயிடுச்சு."

இதைச் சொல்லி முடித்த பின்னரும் அந்தக் கை முழங்காலை விட்டு எழவில்லை. வெண்ணிலா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.