மீன்கள் கால் பதித்த கூட்டம்

குளத்துக் கூட்டம் எல்லோருக்கும் பொது என்றுதான் பேச்சு. அது எப்போது கூடுகிறது என்பது மட்டும் தலைவர் கொக்கைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வந்தவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகக் கரைச் சேற்றில் கால் பதிக்க வேண்டும். அந்தச் சேறுதான் வருகைப் பதிவேடு.

'மீன்கள் இனி ஆழமில்லாத பக்கம்தான் குடியிருக்க வேண்டும்' என்று தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். கேள்விப்பட்ட தவளைக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டைக் காட்டச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தது. நாலாவது மனுவுக்குத்தான் கொக்கு, மேலே மூடியிருந்த தாமரை இலையை வேண்டாவெறுப்பாக விலக்கியது.

சேறு முழுக்க நீள நீளமான விரல் தடங்கள். எல்லாம் ஒரே அச்சு.

"இதெல்லாம் யாரோடதுங்க, தலைவரே?"

"மீன்களோடதுதான். நாற்பது பேர் வந்து ஏகமனதா ஒத்துக்கிட்டுக் கால் பதிச்சாங்க."

தவளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மீனுக்கு ஏதுங்க கால்?"

கொக்கு கொஞ்சமும் அசராமல் காலை மாற்றி நின்றது. "அவங்களுக்குக் கால் கொடுக்கிறதா முந்தின கூட்டத்துலேயே தீர்மானம் போட்டாச்சே! அந்தப் பதிவேட்டைப் பார்க்கணும்னா, அதுக்குத் தனியா மனுப் போடு."