மாட்டேன்

குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்து வந்த நாள் முதல் பொன்மலர் எதையும் மறுத்ததில்லை. ஐந்து வயதுக் குழந்தை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டாள். பாகற்காயைக்கூட முகம் சுளிக்காமல் மென்றாள். பக்கத்து வீட்டார் பாராட்டினார்கள். தத்தெடுத்த தாய் சுகந்திக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளைங்க முதல்ல நம்பக் கத்துக்கும். நம்பினப்புறம்தான் முடியாதுன்னு சொல்லும்" என்றார் மனநல மருத்துவர். "ரெண்டு வயசுல வரவேண்டிய கட்டம் அது. இவ இன்னும் அதுக்கு முந்தின படியிலேயே நிக்கிறா. காத்திருங்கம்மா."

ஒன்பது மாதம் காத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "வாடா, தலைக்குக் குளிக்கலாம்" என்று கூப்பிட்டாள்.

"மாட்டேன்."

சொன்ன பிறகு பொன்மலரே திடுக்கிட்டுப் போனாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு சுகந்தியின் முகத்தையே பார்த்தாள். பிறகு, கொஞ்சம் சத்தமாகவே, "மாட்டேன் போ" என்றாள்.

சுகந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கருவறையின் திரை விலகும்போது நிற்பவளைப்போல அசையாமல் நின்றாள். அறையிலிருந்து எட்டிப்பார்த்து "என்னாச்சு?" என்ற கணவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"சரிடா, வேண்டாம். உனக்கு என்ன வேணும், சொல்லு."

இப்படிக் கேட்டால் "நீங்க சொல்றதும்மா" என்று உடனே சொல்லிவிடுகிறவள், நெற்றியைச் சுருக்கி யோசிக்கத் தொடங்கினாள். இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.