பதினோராவது கட்டம்

“மறுபடியும் வந்துட்டீங்களா?”

கண்காணிப்பாளர் அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்தப் பழைய பூட்ஸ் சத்தம் அவளுக்கு அத்துப்படி. ஆறு தடவை விண்ணப்பம் கொடுத்து, ஆறு தடவையும் திருப்பி வாங்கிக்கொண்டு போன முன்னாள் சிப்பாய், ஏழாவது தடவையாக வந்து நின்றார்.

படைவீரர் பணிப்பதிவேட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சிவப்பு மை’. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் தன் கைபட்ட காகிதத்தில் ஒரு பிழை கிடையாது என்பது அவள் பெருமை. அடுத்தவர் பிழை கண்ணில் பட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்திலேயே பூனை வால் மாதிரி சுழித்த சுருக்கக் கையெழுத்து.

“முதல்ல நீல மைல எழுதினது தப்புன்னீங்க. அப்புறம் தேதி, அப்புறம் சாட்சி... இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கும்மா.”

“ஒரு மெடலுக்கு இந்தப் பாடா, பெரியவரே? இந்த வயசுல அதைக் குத்திக்கிட்டு எங்கே போகப் போறீங்க?”

அவர் கை, மெடல் குத்துகிற இடத்தைத் தடவிக்கொண்டது.

“படைவீரர் கூட்டத்துக்கும்மா. போன வருஷம் குத்திக்கிட்டுத்தான் போனேன். ஒரு அதிகாரி பட்டியலைப் பார்த்துட்டு, ‘உங்க பதிவேட்டுல இது இல்லையே, கழட்டுங்க’ன்னார். நூறு பேருக்கு முன்னால கழட்டினேன். என் சம்சாரம் பக்கத்துல நின்னா. ‘திருட்டு மெடல்காரன் பெண்டாட்டி’ன்னு யாரோ சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து அவ வாசலுக்கே வர்றதில்லை. அடுத்த வாரம் மறுபடி கூட்டம்.”

ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் விண்ணப்பத்தைப் புரட்டினாள். எரிகிற வண்டிக்குள்ளிருந்து இரண்டு பேரைத் தூக்கி வந்ததற்கான மெடல். வழங்கிய ஆணை இருந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் இருந்தது. அதில் மெடலைப் பதிந்துவிட்டு, பிறகு ‘வேறு நபர்’ என்று குறித்துக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஒரே பிரிவில், ஒரே பெயரில் இரண்டு சிப்பாய்கள். படை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. யாரோ எண்ணைச் சரிபார்க்காமல் இவருடையதை அடித்துவிட்டார்கள்.

நகலின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

“கிழிச்சு, ஒட்டுப் போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க. ஒரு நகலைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலை.”

“மன்னிச்சுக்குங்கம்மா.”

விண்ணப்பத்தில் அவள் கண் இன்னும் கீழே இறங்கியது. பிடி கிடைத்துவிட்டது.

“பதினோராவது கட்டம் காலி. ‘பிழை செய்த ஊழியர்’. இதை நிரப்பாம நான் எடுத்துக்க முடியாது.”

“அந்தக் கட்டம் மட்டும் வேண்டாமேம்மா. பிழை திருந்தினா போதும். யார் பண்ணினா என்ன, மனுஷங்கதானே?”

“உங்களை மாதிரி ஆளுங்க இரக்கப்பட்டு இரக்கப்பட்டுத்தான் இங்கே எவனுக்கும் பயம் விட்டுப்போச்சு!” பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. “எண்ணை ஒழுங்காப் பார்க்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு வேலை? கண்ணு என்ன பிடரியிலயா இருந்துது? ரிட்டயர் ஆகியிருந்தாலும் விடமாட்டேன். நில்லுங்க, அசல் பதிவேட்டை நானே பார்த்துட்டு வர்றேன்.”

இரும்பு அலமாரிகளுக்கு நடுவே போய், பதிவேட்டை உருவி, தூசி தட்டிப் பிரித்தாள்.

சிவப்புக் கோடு. கோடு முடிகிற ஓரத்தில் பூனை வால்.

தேதியைப் பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம்.

அவள் பெயர் இருந்த பதவி உயர்வுப் பட்டியல் மேலிடத்துக்குப் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் ஏறுகிற பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிடும்.

பதிவேட்டை மூடி, இருந்த இடத்திலேயே செருகினாள்.

திரும்பி வந்தபோது குரல் சன்னமாகியிருந்தது. “பழைய மை, பெரியவரே. மங்கிப்போச்சு. யார் கையெழுத்துன்னே தெரியலை.”

“ஆமாம்மா. எத்தனை வருஷமாச்சு. தெரியாதுதான்.”

“‘கண்டறிய இயலவில்லை’ன்னு நானே எழுதிடறேன்.”

எழுதினாள். முத்திரை குத்தி ரசீதை நீட்டினாள்.

“ரெண்டு நாள்ல திருத்த ஆணை வீட்டுக்கு வந்துடும்.”

பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “என் சம்சாரம்கிட்ட முதல்ல இதைத்தான் காட்டணும். நீங்க நல்லா இருக்கணும்மா.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போகும்வரை அவளால் நிமிர முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்திவிட்டு, கடைசியில் பொய்யும் சொல்லியாயிற்று. நல்லவேளை, அந்த மனுஷருக்குத் தெரியாது.

விண்ணப்பத்தைக் கோப்பில் சேர்க்க எடுத்தாள். அவள் ஆறு தடவை திருப்பி அனுப்பிய சீட்டுகளையும் அவர் பத்திரமாகக் கோர்த்திருந்தார். ஆறிலும் அவளுடைய பூனை வால் கையெழுத்து. அதற்கு அடியில் அந்த நகல்.

கிழிசலுக்குப் போட்ட ஒட்டு இவ்வளவு நேர்த்தியாகவா இருக்கும்? நகத்தால் மெல்ல நெம்பி, வெள்ளைக் காகிதத்தை உரித்தாள்.

கிழிசல் எதுவும் இல்லை. கொஞ்சமும் மங்காமல் அவளுடைய பூனை வால்தான் அங்கே சுழித்துக்கொண்டிருந்தது.