சாலை காலியாகத்தான் இருந்தது

இளம்பரிதியின் புது ஸ்போர்ட்ஸ் காரில் ஜன்னலே கிடையாது. முந்தைய மாடலில் பின்பக்கம் தெரியவில்லை என்று பலரும் புலம்பியதால், இதில் உட்புறம் முழுக்கத் திரை. வெளியே இருப்பதைக் காட்டும். கண்ணை உறுத்துவதை மட்டும் அழித்துவிடும்.

உழவர் சந்தை அருகே வண்டி தானாக நின்றது. திரையில் சாலை காலியாக இருந்தது. எரிச்சலோடு ஹார்னை அழுத்தினான். உடனே அப்பா போனில் அழைத்தார்.

"ஏண்டா, என்னையப் பாத்தே ஹார்ன் அடிக்கற? கை காட்டீட்டு நிக்கறேன், தெரியலயா?"

கதவைத் திறந்தான். கசங்கிய வேட்டியும் காய்கறிப் பையுமாக வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"வண்டி உங்களைக் காட்டலப்பா" என்று அசடு வழிந்து, ஏற்றிக்கொண்டான்.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் அப்பா திரையை உற்றுப் பார்த்தார். வரிசையாகப் பூச்செடிகள்தான் தெரிந்தன.

"நம்ம ஊடு எங்கடா?"