காலைச் சவரம்

"அவளுக்கு முடி முளைச்சா உனக்கென்னடா கடுப்பு?"

வேலியோரம் நின்று கேட்டாள் சாலி. தம்பி விச்சித், முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி லம்துவனின் தலையில் நுரை தடவி, சவரக்கத்தியை மெல்ல இழுத்தான். பொடிப்பொடியாய்க் கறுப்பு முடி ஒட்டி வந்தது.

"மருந்து ஏத்தினப்ப தலையணை பூரா முடி. எப்படி அழுதா. இப்ப தானா வருது, அது பொறுக்கலையா? தினமும் வழிக்கிறியே, துறவியாக்கி மடத்துல விடப் போறியா? அப்ப நம்ம ஊர்த் துறவிங்க மாதிரி புருவத்தையும் சேர்த்து வழிச்சிடு."

லம்துவன் சிரித்தாள். "வழிக்கறதுக்குப் புருவம் இன்னும் எங்க முளைச்சுது அண்ணி?"

"இவன் பண்ற கொடுமைக்குச் சிரிப்பு வேற."

மதியப் பேருந்தில் மகள் பிம் வந்தாள். கோன்கேன் நகரத்தில் நர்ஸ் படிப்பு, அடுத்த வாரம் கடைசித் தேர்வு. பையை இறக்கியதும் அம்மாவின் தலையைத் தடவினாள்.

"வழவழன்னு இருக்கு. நல்லது."

"மொட்டைத்தலை நல்லதாடி?" என்றாள் சாலி.

"இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது அத்தை. எந்த செல் ரெண்டா ரெண்டா பிரிஞ்சு பெருகுதோ, அதைப் போட்டு அடிக்கும். புத்துக்கட்டி அப்படிப் பெருகுது. முடி வேரும் அப்படித்தான், வாய்க்குள்ள தோலும்தான். பாவம், அதுங்களும் சேர்ந்து அடி வாங்குது."

"அப்ப மூளை?"

"மூளை, இதயமெல்லாம் பெரும்பாலும் பிரியாத செல்லு. அதுக்கு அவ்வளவா அடி விழாது."

"அதான் இவ குசும்பு மட்டும் குறையல."

பிம் சிரித்தாள். "அம்மா தலை இப்படி இருக்கற வரைக்கும் மருந்து ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். அந்தத் தைரியத்துலதான் படிக்கிறேன். இல்லேன்னா என்னைக்கோ படிப்பை விட்டுட்டு வந்திருப்பேன்."

சாலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லம்துவனின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

பிம் குளிக்கப் போனாள். சாலி தம்பியைப் பார்த்தாள்.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"இனிமே மருந்துக்குக் கேக்காதுன்னுட்டாரு அக்கா. மழைக்காலத்துக்கு முன்னாடியே மருந்தை நிறுத்திட்டாங்க."

"பரீட்சை முடியட்டும் அண்ணி," என்றாள் லம்துவன். "அப்புறம் முளைச்சுக்கட்டும்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கை நீட்டினாள்.

"கத்தியை எடுத்துக் குடு. காதுக்குப் பின்னால கொஞ்சம் விட்டுட்ட."